கொட்டகுடி ஆற்றில் போட்ட மாத்திரைகள்

அறுபதைத் தொட்டவர்கள் மட்டும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். சின்னவர்களிடம் சொன்னால், "அந்தக் காலத்துல அப்படித்தான் பாட்டி" என்று செல்போனைப் பார்க்கப் போய்விடுவார்கள். சபையில் எல்லாரும் கைதட்டிப் பாடும்போது என் கை மட்டும் ஏன் மடியிலேயே கிடக்கிறது என்று உங்களில் சிலர் கேட்டுவிட்டீர்கள். மூட்டுவலி என்று சொல்லித் தப்பித்தேன். மூட்டுவலியும் இல்லை, மண்ணும் இல்லை. வெட்கம். இத்தனை வருஷம் கழித்தும் சாட்சி நேரம் வந்தால் எனக்கு முகம் சூடாகிவிடும்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. போடியில், குரங்கணி போகிற ரோட்டுப் பக்கம், தகரக் கூரை போட்ட சின்னச் சபை எங்களுடையது. மழை பிடித்தால் பிரசங்கம் காதில் விழாது, அதனால் பாட ஆரம்பித்துவிடுவோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், தரையில் கோரைப்பாய். முன்னால் ஒரு மேஜை, அதன்மேல் ஊசிநூலில் பின்னிய வெள்ளை விரிப்பு. விசுவாசிகளில் பாதிப்பேர் விடியுமுன் ஜீப்பில் தொத்திக்கொண்டு போடிமெட்டு தாண்டிப் போய் ஏலக்காய் எடுக்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை குளித்து முழுகி வெள்ளையும் சொள்ளையுமாக வந்து உட்கார்ந்தாலும் பச்சைக்காய் வாசம் சபை முழுக்க அடிக்கும். எந்தச் சோப்புக்கும் அது போகாது. எனக்கு இன்றைக்கும் ஏலக்காயை நசுக்கினால் டீ ஞாபகம் வராது, ஜெபம்தான் ஞாபகம் வரும்.

அம்மா அப்படி மலைக்குப் போகிறவள். அப்பாவுக்கு மலைமேல் ஒரு எஸ்டேட்டில் ஸ்டோர் வேலை. ஸ்டோர் என்றால் கடை இல்லை. எடுத்த காயை உலர்த்துகிற கட்டடம். விறகை எரித்து அந்தச் சூட்டில் காயைக் காய வைப்பார்கள், அந்த அடுப்பைப் பார்த்துக்கொள்வது அப்பா. அதனால் இருமல் வந்தபோது புகைதான் என்று நினைத்தோம். பிறகு சாயங்காலம் ஆனால் காய்ச்சல் வந்தது. வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துப்போனார். ஆஸ்பத்திரியில் காட்டினோம். டி.பி. என்றார்கள்.

அந்த இரண்டு எழுத்தை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரியும், அந்தக் காலத்தில் அப்படி ஒரு வீடு இருந்தால் அந்த வீட்டுத் தண்ணீரைக்கூடத் தொட மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் அப்பாவுக்கு மூச்சுத் தொந்தரவு என்று சொல்லச் சொல்லித் தந்திருந்தார்கள். அப்பாவுக்குத் தனி அலுமினிய டம்ளர், தனித் தட்டு. மாத்திரைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். மூடியில் குண்டாக ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். உடம்பு தேறிவிட்டது என்று தோன்றினாலும் நிறுத்தக் கூடாது, முழுசும் முடிக்க வேண்டும் என்று டாக்டர் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

உடம்பு தேறத்தான் செய்தது. ஆடிக் காற்று அடிக்கிற நேரத்தில் அப்பாவுக்கு இருமல் அறவே நின்றுவிட்டது. கன்னம் பூசினாற்போல் ஆகி, பசிக்கிறது என்று அவரே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த ஞாயிறே சபைக்கு முன்னால் எழுந்து, ஆண்டவர் சுகம் தந்தார் என்று சாட்சி சொல்லப் போவதாகச் சொன்னார். அப்பா பொய் சொல்லவில்லை, அதை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவருக்கு உண்மையிலேயே சுகமாகத்தான் இருந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். சாட்சி சொல்ல எழுகிறவர் எதிலிருந்து விடுபட்டாரோ, அதைக் கையோடு கொண்டுவந்து மேஜைக்கு முன்னால் வைக்க வேண்டும். குடியை விட்டவர் பாட்டில் கொண்டுவருவார். பீடியை விட்டவர் பீடிக்கட்டு கொண்டுவருவார். சீட்டாட்டத்தை விட்ட ஒரு மாமா சீட்டுக்கட்டை வைத்துவிட்டு, வீட்டுக்காரி எங்கே என்று திரும்பிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. ஆராதனை முடிந்ததும் எல்லாரும் பாடிக்கொண்டே கொட்டகுடி ஆற்றுக்குப் போய் அதைத் தண்ணீரில் எறிவோம். எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு அது திருவிழா.

நோய் விட்டவர் என்னத்தைக் கொண்டுபோய் வைப்பார்? அப்பா பிஸ்கட் டப்பாவைக் கொண்டுபோய் வைத்தார்.

போதகர் ஐயாவுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். டப்பாவை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். தகரம் அதிர்கிற மாதிரி ஸ்தோத்திரம் சொன்னார்கள். இப்போது நினைத்துப் பார்க்கிறேன், அவருக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. என் பெரிய மகனைவிடச் சின்னப் பிள்ளை. அன்றைக்கு எனக்கு அவர் மோசே மாதிரித் தெரிந்தார். மத்தியான வெயிலில் ஆற்றுக்குப் போனோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், நாங்கள் எங்கே அளந்தோம், போதகர் ஐயா மூடியைத் திறந்து அப்படியே கவிழ்த்தார். வெள்ளையும் சிவப்புமாகக் கொஞ்ச தூரம் மிதந்து போனது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக் காட்டினார். அம்மா மட்டும் கரையில் நின்று அந்தக் காலி டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கடுகு போட்டு வைக்கலாம் என்றாள்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு வந்த மவுசைப் பார்க்க வேண்டும். எங்கே வீட்டு ஜெபம் என்றாலும் அவரைக் கூப்பிட்டார்கள். குரங்கணிக்குப் போனார், மலைமேல் எஸ்டேட் ஆட்கள் இருக்கிற லயத்து வீடுகளுக்குப் போனார். எனக்குத் தாளம் நன்றாக வரும் என்பதால் சபையின் கஞ்சிராவை என் கையில் கொடுத்து என்னையும் கூட்டிக்கொண்டு போவார். ஓரத்தில் பித்தளைச் சில்லு கோத்த கஞ்சிரா, குலுக்கினால் உள்ளங்கால்வரை கூசும். போகிற வீட்டிலெல்லாம் எனக்கு வரக்காப்பியும் முறுக்கும் கிடைக்கும். எனக்கும் தலைக்கனம் ஏறிப்போயிற்று, வேறென்ன.

ஐப்பசி மழையோடு இருமல் திரும்பி வந்தது.

முதலில் சளி என்றார். ஒருநாள் ஜெபத்துக்குப் போகிற வழியில் என்னை நிறுத்தி, மப்ளரைக் கழுத்தில் இறுக்கிக்கொண்டே, "எனக்கு இருமல் வந்தா நீ தாளத்தை விட்றாத ஆத்தா. நல்லா ஓங்கி அடி" என்றார். சொன்னபடி செய்தேன். அவருக்கு நெஞ்சு குலுங்கத் தொடங்கினால் நான் கஞ்சிராவை வெறிபிடித்தாற்போல் அடிப்பேன். அதைக் கேட்டு எல்லாரும் கையை உரக்கத் தட்டுவார்கள், பாட்டு மேலே ஏறும், அந்தச் சத்தத்துக்குள் அப்பா துண்டில் வாயைப் பொத்தி இருமி முடித்துவிடுவார். பிள்ளைமேல் அபிஷேகம் இறங்கியிருக்கிறது என்று ஒரு பெரியம்மா என் தலையில் கைவைத்தே சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்களே, நாங்கள் அதைப் பாட்டில் மறைத்தோம்.

துண்டு துவைக்கிறவளிடம் எதை மறைக்க முடியும்? அம்மா உப்புத் தண்ணீரில் ஊறப் போடும்போதே ரத்தக் கறையைப் பார்த்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் அடுப்படியில் நடந்த பேச்சை நான் வாசல்படியில் உட்கார்ந்து கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம், வாங்க என்று அம்மா கெஞ்சினாள்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? சபை முன்னாடி சொகமாயிருச்சுன்னு சொல்லிப்புட்டேன். இப்பப் போய் இல்லைன்னா, ஆண்டவரைப் பொய்யராக்குனது மாதிரி ஆயிரும்" என்றார் அப்பா.

போதகர் ஐயா வாராவாரம் ஒரு கதை சொல்வார். சுவிசேஷம் சொன்னதற்காக அடிவாங்கிச் சிறைக்குப் போன இருவர், காலில் மரக்கட்டை மாட்டியிருந்தபோதும் சந்தோஷமாகப் பாடினார்கள் என்கிற கதை. அம்மா அதைத்தான் எடுத்தாள்.

"கால்ல கட்டையோட பாடுனாகன்னுதான ஐயா சொல்றாரு. கட்ட இல்லைன்னு சொல்லிட்டா பாடுனாக?"

அப்பா எழுந்து வெளியே வந்தார். வாசல்படியில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். எனக்கு அம்மாமேல்தான் கோபம் வந்தது. ஊரே கொண்டாடுகிற மனிதரை இவள் ஏன் இப்படி நோகடிக்கிறாள் என்று நினைத்தேன்.

தை மாதம், காய் எடுப்பு முடியப்போகிற சமயத்தில், சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை வைப்போம். விளைந்ததில் கொஞ்சம் கொண்டுவந்து மேஜையைச் சுற்றிக் குவிப்பார்கள். காப்பிக்கொட்டை, மிளகு, வாழைத்தார், காலைக் கட்டிப்போட்ட சேவல். அந்த வருஷம் பிரசங்கம் பண்ண வெளியூரிலிருந்து பெரிய ஊழியக்காரர் ஒருவர் வந்திருந்தார். அவருக்கு முன்னால் அப்பா சாட்சி சொல்ல வேண்டும் என்று போதகர் ஐயா ஆசைப்பட்டார். அம்மா முந்தின நாளே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். அப்பா வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சிபோடச் சொன்னார்.

மேஜைக்கு முன்னால் நின்று நாலு வார்த்தை பேசியிருப்பார். இருமல் வந்தது. நான் அடித்தேன். கூட்டம் பாட ஆரம்பித்தது. இருமல் நிற்கவில்லை, நான் இன்னும் ஓங்கி அடித்தேன், எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். அப்பா ஒரு கையால் மேஜை விரிப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அப்பா பரிசுத்த ஆவியில் நிறைந்துவிட்டார் என்று நினைத்து, வந்திருந்த ஊழியக்காரர் கண்ணை மூடி, யாருக்கும் புரியாத அந்நியபாஷை பேசத் தொடங்கிவிட்டார். அப்போதும் நான் அடித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்து, காணிக்கைக் குவியலைத் தாண்டி வந்து, என் கையிலிருந்து கஞ்சிராவைப் பிடுங்கினாள்.

சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. கடைசியில் அப்பாவின் இருமல் மட்டும் கேட்டது. கஞ்சிபோட்ட சட்டையின் முன்பக்கம் சிவப்பாக இருந்தது.

அம்மா சபைக்கு முன்னால் அதுவரை வாய் திறந்தவள் இல்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"இவுகளுக்குச் சொகமில்ல. ஐப்பசியில இருந்தே ரத்தம் வருது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். எல்லாரும் ஜெபம் பண்ணிக்கங்க. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

அந்த ஸ்தோத்திரத்துக்கு ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. அப்பா தலையைத் தூக்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது நான் அவர்களோடு சேர்ந்து நடக்காமல் வெகுதூரம் பின்னால் வந்தேன். தெருவே எங்களைப் பார்ப்பதாகத் தோன்றியது. பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

மறுநாள் அம்மா அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். பாதியில் விட்ட வைத்தியத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும், இந்தத் தடவை கொஞ்சம் கஷ்டம்தான் என்று டாக்டர் சொன்னார். கோபமாகத்தான் சொன்னார், அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. பதறாதீர்கள், அப்பா பிழைத்துக்கொண்டார். ஸ்டோர் அடுப்புச் சோலிக்கு மட்டும் திரும்பவும் போகவில்லை. ஆனால் அந்த மாசியில் அவர் பிழைப்பார் என்று எங்களுக்குத் தெரியாது.

சபையிலிருந்து யாரும் வரவில்லை. வராதது மட்டுமா, அம்மாவின் அவிசுவாசத்தால்தான் நோய் திரும்பியது என்று பேசிக்கொண்டார்கள். அதை நானும் நம்பினேன், என்னத்தைச் சொல்ல.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னை வீட்டில் தனியே விட மனசில்லாமல் அம்மா கடைசிச் சுற்றுக் காய் எடுப்புக்கு ஜீப்பில் மலைக்குக் கூட்டிப்போனாள். ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து போகிற ஜீப்பு. கொண்டை ஊசி வளைவில் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்வோம். அம்மா அந்த நெரிசலில் பாடினாள். மெதுவாகத்தான், ஆனால் கேட்கும். முன்பு அப்பா பாட, பின்னால் உதட்டை மட்டும் அசைக்கிறவள். இப்போது என்ன வந்தது இவளுக்கு என்று எனக்குப் புரியவில்லை. கூட வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "புருசன் சீக்குல கெடக்கான். இந்த நெலமையில பாட்டு ஒரு கேடு" என்று ஒருத்தி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் குளிருக்குப் போர்த்தியிருந்த துண்டை முகத்துக்கு ஏற்றிக்கொண்டேன்.

ஏலக்காய், செடியின் தலையில் காய்க்காது, தூரில் காய்க்கும். குத்தவைத்து உட்கார்ந்து, ஈரமண்ணோடு கிடக்கிற சரத்தில் முற்றின காயாகப் பார்த்து எடுக்க வேண்டும். அம்மா இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, அட்டை ஏறாமலிருக்கக் காலில் புகையிலைத் தண்ணீரைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இலையிலிருந்து மூடுபனி சொட்டிக்கொண்டிருந்தது. அங்கேயும் பாட்டு. எனக்குத் தாங்கவில்லை. எல்லாரும் சிரிக்கிறார்கள், பாடாதே என்றேன். அப்பா சாகக் கிடக்கிறார், உனக்குச் சந்தோஷமா என்றும் கேட்டுவிட்டேன்.

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. கை காயை விட்டு நிற்கவும் இல்லை.

"சந்தோசமாத்தான் இருக்கு தாயி" என்றாள். "உங்கப்பா இப்ப மறைக்காம இருமுறாரு. அவரைப் பத்தி ஆண்டவர்கிட்ட நெசத்தச் சொல்ல முடியுது. எத்தன மாசமா அதுக்கு ஏங்குனேன் தெரியுமா."

எனக்கு அப்போது அது பைத்தியக்காரப் பேச்சாகத்தான் பட்டது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மலையிலிருந்து இறங்கின கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த வார்டு தனியாக, கடைசியில் இருக்கும். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போதகர் ஐயா நின்றுகொண்டிருந்தார். சைக்கிளில் வந்திருக்கிறார், சங்கிலியில் சிக்காமலிருக்கக் கால்சட்டையில் மாட்டின கிளிப்பு இன்னும் இருந்தது. கையில் அவித்த முட்டை வைத்த தூக்குவாளி. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

அம்மாவைப் பார்த்ததும் போதகர் ஐயா வாளியைக் கீழே வைத்தார். நர்சு கொடுத்துவிட்டுப் போன சாயங்கால மாத்திரைகள் ஸ்டூலில் ஒரு காகிதத்தில் இருந்தன. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்பாவுக்கு எதிர்ப்பக்கமாகப் போய், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த சந்தில் நுழைந்து நின்றார்.

"நீங்க மேஜையில கொண்டாந்து வச்சீக, அவ்வளவுதான்" என்றார். "ஆத்துல கவுத்தது நான். மேடையில ஏறி அதச் சொல்ல எனக்குத் தெம்பில்ல. மொதல்ல ஒங்ககிட்டச் சொல்லலாம்னு வந்தேன். இந்தாங்க, போட்டுக்கங்க."

அப்பா எழுந்து உட்கார்ந்து மாத்திரைகளை விழுங்கினார். பிறகு, பாடுங்க ஐயா என்றார். போதகர் ஐயா வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. பெரிய மனிதர் ஒருவர் உதடு கோணி அழுவதை நான் முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தேன். அம்மாதான் பாட்டை எடுத்தாள். அப்பா சேர்ந்துகொண்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் நழுவி வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயா விளக்குமாறோடு நிமிர்ந்தாள். உள்ளே யாரு பாப்பா பாடுறது, உங்க ஆளா என்றாள். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு இருமல் வந்தது. நீளமான இருமல். பாட்டு நின்றது. என் விரல்கள் கஞ்சிராவைப் பிடிப்பதுபோல் தாமாகவே மடங்கிக்கொண்டன. ஆனால் உள்ளே யாரும் கைதட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. அம்மாவும் போதகர் ஐயாவும் அவர் இருமி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். முடிந்ததும், விட்ட அடியிலிருந்தே அப்பா தொடங்கினார். குரல் கரகரத்துப் போயிருந்தது. வீட்டு ஜெபங்களில் நான் அவ்வளவு காலம் அவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். அவர் அப்படிச் சந்தோஷமாகப் பாடி ஒருநாளும் கேட்டதில்லை.

"எங்கப்பா" என்றேன்.

"இந்த இருமலோடயா பாடுறாரு?" என்றாள் ஆயா.

"ஆமா. இருமலோடதான் பாடுறாரு."